ஏரிக்கரைக்கு ஓர் ஆமைக் கேசட்

ஸ்ரீபெரும்புதூரில் பேருந்தை நிறுத்தி என்னை இறக்கினார்கள். நாற்பது பேர் உட்கார்ந்திருந்த வண்டியில் என்னை மட்டும். மே மாதம் அந்த ஊரில் குண்டு வெடித்த கொடுமை உலகத்துக்கே தெரியும். ஆறு மாதம் கழிந்தும் அங்கே யாரும் யாரையும் நம்பாமல்தான் இருந்தார்கள். அசலூர் முகம், மலேசியப் பாஸ்போர்ட், மடியில் இறுக்கிப் பிடித்த கறுப்புப் பை. நான் போலீசாக இருந்தாலும் என்னைத்தான் இறக்கியிருப்பேன்.

“பையில இன்னா கீது பெரியவரே?” என்றார் கான்ஸ்டபிள்.

“வீடியோ கேசட்.”

“இன்னா படம்?”

“ஆமைப் படம்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். கேசட்டை எடுத்துக் காதருகே ஆட்டினார். உள்ளே சுருள் கடகடத்தது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. மெதுவாக அதை மேசையில் வைத்து, இரண்டடி பின்னால் போய், அதிகாரியைக் கூப்பிட்டார்.

அதிகாரி கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல நிலைமை மோசமானது. கேசட் யாருடையது? கூட்டாளியுடையது. அவர் எங்கே? இறந்துவிட்டார். எங்கே போகிறீர்கள்? அவர் பிறந்த ஊருக்கு. அங்கே யாரைத் தெரியும்? யாரையும் தெரியாது.

“அப்ப எதுக்குப் போறீங்க?”

“இந்தப் படத்தைப் போட்டுக் காட்ட.”

“ஆமையை.”

“ஆமாங்க. ஆமையை.”

இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் யார் என்று சொல்லிப் பார்த்தேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்குக் கிள்ளானில் ஒன்பது லோரிக்கு முதலாளி. அதிகாரி எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒன்பது என்பதை இன்னொரு தரம் சொன்னேன். அதற்கும் தூக்கவில்லை.

கடைசியில் எதிரே இருந்த வீடியோ கடையில் கேசட்டைப் போட்டுப் பார்த்தார்கள். திரையில் மாட்டு வண்டிச் சக்கரம் அளவுக்கு ஓர் ஆமை மணலில் ஏறி வந்து, குழி பறித்து, முட்டையிட ஆரம்பித்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மூன்று போலீசாரும் திரைக்கு அருகே வந்தார்கள்.

“அழுவுதா அது?” என்றார் அதிகாரி.

“கண்ணுல விழுந்த மண்ணைக் கழுவுதுங்க. எங்க கூட்டாளி அப்படித்தான் சொல்வான். கொஞ்சம் பொறுங்க, இன்னும் இருபது நிமிஷத்துல நான் வருவேன்.”

“நீங்களா?”

“என்னைப் பத்தி மூணு நிமிஷம் பேசுறான்.”

“போதும், ஆஃப் பண்ணு” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, என் பையை என்னிடம் கொடுத்தார். “வந்த வேலையை முடிச்சிட்டுச் சீக்கிரம் கிளம்புங்க. இந்த டப்பாவைத் தூக்கிக்கினு ஊர் ஊரா சுத்தாதீங்க.”

அந்த மூன்று நிமிடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் ஊரில் கூட்டாளி என்றால் நண்பன்; என் கூட்டாளி பெயர் செங்கேணி. இளவயதில் மலாயாவுக்கு வந்து, கிழக்குக் கரையில் சாலை போடும் கூலியாக இருந்தவன். கடலாமை முட்டையை எல்லோரும் தோண்டி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், கம்பி வலை அடித்து, முட்டைகளை உள்ளே புதைத்துக் காவல் இருந்த முதல் ஆள் அவன்தான். பைத்தியம் என்றார்கள். பின்னால் வெள்ளைக்காரப் படிப்பாளிகள் அவனிடம் வந்து குறிப்பெழுதிக்கொண்டு போனார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் அவன் வாழ்க்கையைப் படம் எடுத்தார்கள். அதில் செங்கேணி சொல்கிறான்: ஒரு காலையில் கூட்டாளி ஒருத்தன் லோரி நிறைய முட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினான்; நான் சாலையில் சக்கரத்துக்கு முன்னால் படுத்தேன்; அவன் மனசு இரங்கி இன்ஜினை நிறுத்தினான்; அன்றைக்கு அவன் நிறுத்தவில்லை என்றால் இந்த வேலையே இல்லை.

அந்தக் கூட்டாளி நான்தான். கிள்ளானில் என் வீட்டுக்கு வந்தவர்களில் படத்தில் அந்த இடத்தைப் பார்க்காமல் காப்பி குடித்துவிட்டுப் போனவர் யாரும் இல்லை.

போன வருஷம் சாகும்போது செங்கேணி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான், படத்தை என் ஊர் ஏரிக்கரையில் ஒரு தடவை போட்டுக் காட்டு என்று. அதுதான் இந்தப் பயணம்.

ஒரகடம் போகும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வழியெல்லாம் நிலத்தில் வெள்ளையடித்த கல் நட்டிருந்தார்கள். அங்கங்கே தகரக் கொட்டகை, சிமெண்டுத் தூண், பாதி எழும்பிய சுவர். பக்கத்தில் நின்ற இளைஞர்கள் இருவரும் மறைமலை நகர்க் கம்பெனியில் ஷிப்ட் முடித்துத் திரும்புகிறவர்கள். ஒருவன் சொன்னான், “சூப்பர்வைசர் ஓவர்டைம் பார்க்கச் சொன்னான், எனக்குப் பேதின்னுட்டேன்.” மற்றவன், “போன வாரமும் பேதிதானடா?” என்றான். எங்கள் ஷா ஆலமில் இருபது வருஷத்துக்கு முன் கேட்ட பேச்சு. சாக்குக்கூட அதேதான்.

ஒரகடத்தில் இறங்கி இட்லி சாப்பிட்டேன். இட்லி பஞ்சு மாதிரி இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். காப்பி மட்டும் விரல் நீள டம்ளரில். எங்கள் ஊர் கோப்பிக் கடையில் அது சீனி கலக்கும்போது கீழே சிந்தும் அளவு. அங்கிருந்து வாலாஜாபாத் பஸ் பிடித்து, ஒரு புளியமரத்தடியில் இறங்கி நடந்தேன்.

ஏரிக்கரையில் ஏறும்போது எதிரே ஒரு சவ ஊர்வலம் வந்தது. மேளம், ஆட்டம், பூமாரி. ஒதுங்கி நின்றேன். கரை தொடங்கும் இடம் வந்ததும் மேளம் சட்டென்று நின்றது. அழுதுகொண்டு வந்த பெண்கள்கூட வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். கரை முழுக்கக் காலடிச் சத்தம் மட்டும். என்னைத் தாண்டிக் கரையை விட்டு இறங்கியதும் மேளம் மறுபடி இடித்தது.  ஏதோ பேய் பயம் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் ஏரியைப் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் நூற்றுக்கணக்கான கருவேல மரங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி கொக்கு, நாரை, நீர்க்காகம். கூட்டுக்குக் கூடு குஞ்சுகளின் கத்தல்.

செங்கேணிக்கு ஒரு தம்பி இருந்து இறந்துபோயிருந்தான். தம்பி மகன் ஏழுமலை, முப்பத்தைந்து வயது, ஒல்லியான ஆள். நான் இன்னார் என்று சொன்னதும் காலில் விழுந்தான். “பெரிப்பா ஃபிரண்டுன்னா எனக்கும் பெரிப்பாதான். குந்துங்க.” அவன் மனைவி கன்னியம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். கேசட்டைப் பெருமையாக வெளியே எடுத்து, விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

“ஆமையா மாமா? அது வூட்டுக்குள்ள வரக்கூடாது.”

“ஆமை இல்லம்மா, ஆமைப் படம்.”

“படத்துல உசுரா நடக்குதா இல்லியா?”

“நடக்குது.”

“அப்ப வெளியவே கிடக்கட்டும். கோச்சுக்காதீங்க. ஏற்கெனவே இந்த வூட்டுக்கு நேரம் சரியில்ல.”

ஒன்பது லோரிக்காரன் பேச்சு அவளிடம் எடுபடவில்லை. மாட்டுக் கொட்டகை விட்டத்தில், துணிப்பையில் கட்டிக் கேசட்டைத் தொங்கவிட்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேளம் ஏன் நின்றது என்று சாப்பிடும்போது கேட்டேன். ஏழுமலை சொன்னான், “அதுங்க பிரசவத்துக்கு வந்துகீது பெரிப்பா. கார்த்திகைலேர்ந்து தை வரைக்கும் கரையில சத்தம் போட மாட்டோம். வெடியும் கிடையாது, எங்க தாத்தன் காலத்துலேர்ந்து.”

செங்கேணி கம்பி வலை அடித்துவிட்டு, பக்கத்தில் யாரையும் பேசவே விடமாட்டான். அது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குப் புரிந்தது.

“திங்கக்கிழமை வெட்டறேன்” என்றான் ஏழுமலை, சோற்றைப் பிசைந்துகொண்டே.

“எதை?”

“அந்த மரத்தைத்தான்.”

பங்குனியில் ஊர் ஏலம் விட்டதாம். அப்போது ஏரி காய்ந்து கிடந்தது; பறவைகள் எப்போதும் தங்கும் பழைய கடம்ப மரங்கள் எதிர்க்கரையில் இருந்தன. மனைவியின் கம்மலை வைத்து ஏழுமலை கருவேலத்தை ஏலம் எடுத்தான். ஆடியில் வெட்டலாம் என்று இருந்தபோது டைபாய்டில் படுத்துவிட்டான். ஐப்பசிப் புயலில் கடம்ப மரங்கள் விழுந்தன. பறவைகள் எல்லாம் இந்தப் பக்கம் வந்து கூடு கட்டிவிட்டன. கார்த்திகை முடிந்தால் ஏலக் கெடு முடிந்துபோகும். இன்னும் ஒரு மழை பெய்து தண்ணீர் இடுப்புக்கு ஏறினால் மரத்தை வெட்டி இழுக்கவும் முடியாது.

“கெடுவைத் தள்ளிக் கேளேன்.”

“கேட்டேன். ஊர்ப் பெரியதனக்காரர் முடியாதுன்னுட்டார். ஒருத்தனுக்குத் தள்ளினா ஊரே கேக்குமாம்.” தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “கம்பெனியிலயும் டெம்ப்ரவரின்னு நிறுத்திட்டாங்க. எனக்கு வேற இன்னா கீது, சொல்லுங்க.”

சனிக்கிழமை காலை அவனோடு கரைக்குப் போனேன். எங்கள் கண்ணெதிரே ஒரு குஞ்சு கூட்டிலிருந்து தவறித் தண்ணீரில் விழுந்தது. ஏழுமலை யோசிக்கவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீரில் இறங்கி, அதைத் தூக்கி, முள்ளில் கை கிழிய ஏறிக் கூட்டில் வைத்துவிட்டு வந்தான். புறங்கையில் ரத்தம் வடிந்தது.

“திங்கட்கிழமை?” என்றேன்.

“வெட்டத்தான் போறேன்” என்றான், ரத்தத்தை நக்கிக்கொண்டே.

அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஊரைக் கூட்டிப் படத்தைப் போடுவது. அந்த மூன்று நிமிடம் வந்ததும் இவன் மனசு இரங்குவான், பெரியதனக்காரரும் கெடுவைத் தள்ளுவார். நான் தொட்ட எந்தக் காரியமும் தோற்றதில்லை என்று அவனிடம் சொன்னேன். 

வாலாஜாபாத்தில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடும் பாபுவைப் பிடித்தேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு டெக் இருக்கிறது; இங்கே மாப்பிள்ளை அழைப்பு மாதிரி அதை மாட்டு வண்டியில் ஏற்றி, மெத்தை போட்டுக் கொண்டுவர வேண்டும். “ஆமைப் படம் மட்டும்னா ஜனம் குந்தாது தாத்தா. கூட ரெண்டு சண்டைப் படம் கொண்டாரேன்” என்றான் பாபு. வேண்டாம் என்றேன். கேட்காமல் கொண்டுவந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பள்ளிக்கூடத்து ஜன்னல்களில் சாக்கு கட்டி இருட்டாக்கினோம். ஊர் முழுவதும் வந்தது. பெரியதனக்காரருக்கு முன்னால் நாற்காலி. கன்னியம்மா வாசலுக்கு வெளியே, மழையில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே வரமாட்டேன் என்றாள்.

படம் ஓடியது. “நம்ம செங்கேணியா அது, மூக்கு அவங்க அப்பன் மூக்கே” என்றது ஒரு குரல். செங்கேணி மலாய்க்காரர்களிடம் மலாயில் பேசியபோது சிரித்தார்கள். ஆமை முட்டையிட்டபோது பெண்கள் சத்தமே போடவில்லை. ஒருத்தி மட்டும், “இத்தனை போட்டுட்டு எழுந்து நடக்குது பாரு” என்றாள். செங்கேணி கேமராவைப் பார்த்து, “எங்க ஊர் ஏரியில கத்துக்கிட்டேன்” என்றபோது பெரியதனக்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவன் கண் திரையை விட்டு நகரவில்லை. அடுத்தது என் மூன்று நிமிடம்.

செங்கேணி திரையில் வாயைத் திறந்தான். குரல் கிணற்றுக்குள் போன மாதிரி இழுத்தது. முகம் நெளிந்தது. டெக்குக்குள் கறகறவென்று ஒரு சத்தம். பிறகு நீலத் திரை.

பாபு பாய்ந்து மின்சாரத்தை நிறுத்தினான். மூடியைத் திருகிக் கழற்றினான். உள்ளே நாடா உருளையில் சுற்றிச் சுற்றி, பின்னிய முடி மாதிரி சிக்கிக் கிடந்தது.

“டேப் நமுத்துப் போயிகீது. எங்க வெச்சிருந்தீங்க தாத்தா?”

“மாட்டுக் கொட்டகையில.”

“மாட்டு மூத்திரத்து ஈரத்துல ரெண்டு நாளா? சரியாப் போச்சு.”

நானே கையை விட்டேன். எந்த இன்ஜினையும் பிரித்து மாட்டியவன்.  பிளேடால் பத்து முழம் அறுத்தெடுத்த பிறகுதான் கேசட் வெளியே வந்தது. ஒட்டிப் போடு என்றேன். ஒட்டின நாடாவைப் போட்டால் தன் டெக்கின் ஹெட்டு போய்விடும் என்று பாபு மறுத்துவிட்டான். வேறு பிரதியும் கிடையாது.

“சண்டைப் படம் போடுப்பா” என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிலர் எழுந்தார்கள். ஏழுமலையும் எழுந்தான். நாளைக்கு ஆட்கள் வருவார்கள், ரம்பத்துக்கு அரம் போட வேண்டும். பெரியதனக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

கையில் பத்து முழம் கறுப்பு நாடாவோடு நான் எழுந்து நின்றேன். “அடுத்தது என்னன்னு எனக்குத் தெரியும். நான் சொல்றேன்” என்றேன்.

சொன்னேன். லோரி, முட்டை, காலை வெயில், சாலையில் படுத்த செங்கேணி. முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழுக்கும் கதை. இன்ஜினை நிறுத்தும் இடத்துக்கு வந்தேன். ஏழுமலை கதவருகே நின்றுகொண்டு என்னையே பார்த்தான். அவன் புறங்கையில் முள் கிழித்த கோடு காய்ந்திருந்தது.

எப்போதும் சொல்லும் வரியை அங்கே விட்டுவிட்டேன். அப்புறம் நான் சொன்னது இதுதான்.

“அவன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுப் படுத்திருந்தான். அதனால அவனுக்குத் தெரியாது. நான் இன்ஜினை நிறுத்தலை. கியரைப் போட்டேன். கிளட்சை விட்டேன். வண்டி ஒரு கெஜம் நகர்ந்துச்சு. எண்ணெய்க் குழாயில தூசி அடைச்சு, இன்ஜின் தானா நின்னுபோச்சு. சக்கரத்துக்கும் அவன் தலைக்கும் நடுவுல ஒரு சாண். இறங்கி வண்டியைத்தான் திட்டினேன். அவன் எழுந்து என்னைக் கட்டிக்கிட்டு அழுதான், நிறுத்திட்டியேடான்னு. ஆமான்னேன். சாகுறவரைக்கும் அவன்கிட்ட ஆமான்னுதான் சொன்னேன். படத்துலயும் அப்படித்தான் சொல்லியிருக்கான்.”

 சாக்கு மீது மழை சொட்டியது.

“எனக்கு ஒரு தூசி வந்து தப்பிச்சேன், ஏழுமலை. உன் கையில இருக்கிறது ரம்பம். அது தானா நிக்காது.”

அவன் வெளியே போய்விட்டான். பெரியதனக்காரர் என் அருகே வந்து, அறுந்த நாடாவைத் தொட்டுப் பார்த்தார். “கெடு விஷயம் நான் ஒருத்தன் சொல்ல முடியாதுங்க. ஊர் கூடணும். அமாவாசைக்குத்தான் கூடும்” என்றார். அமாவாசை திங்கட்கிழமைக்கு அப்பால் இருந்தது.

இரவு ஏழுமலை ரம்பத்துக்கு அரம் போட்டான். படுக்கப் போகும்போது, வாசல் பெஞ்சில் வைத்திருந்த கேசட்டைக் காணவில்லை. கன்னியம்மாவைக் கேட்டேன்.

“உள்ள கீது மாமா. பொட்டி மேல வெச்சேன். நனையுதில்ல” என்றாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் கரைக்குப் போனேன். ஏழுமலை எனக்கு முன்பே அங்கே இருந்தான். அரம் போட்ட ரம்பம் காலடியில் கிடந்தது. ராத்திரி நன்றாகவே பெய்திருந்தது. தண்ணீர் தொடை வரை ஏறியிருந்தது. இன்றைக்கு விட்டால் இல்லை.  பேசத் தெரிந்த எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தேன்.

வாலாஜாபாத் செங்கல் சூளையிலிருந்து டிராக்டர் வந்தது. பெட்டியில் எட்டு ஆட்கள், கோடாலி, கயிறு. கரை மேல் ஏறும்போது இன்ஜின் முக்கியது. மரங்களிலிருந்து ஒரு நூறு கொக்குகள் ஒரே நேரத்தில் எழும்பி, தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தின. கூட்டிலிருந்த குஞ்சுகள் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தின.

ஏழுமலை நடந்துபோய் டிராக்டரின் முன்னால் நின்றான். டிரைவர், “இன்னாபா, எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கிறது?” என்றான். ஏழுமலை சக்கரத்து மேல் கால் வைத்து ஏறி, டிரைவரின் மடியைத் தாண்டிக் கையை நீட்டிச் சாவியைத் திருகினான். இன்ஜின் இருமி நின்றது.

“கரையில சத்தம் போடக்கூடாதுபா” என்றான். “தை முடிஞ்சி வா. ஊர் குடுத்தா வெட்டிக்கலாம். குடுக்கலன்னா போவட்டும்.”

“கூலி?”

“நாஷ்டா துன்னுட்டுப் போங்க. வூட்ல கஞ்சி கீது.”

ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். கரை நடுவில் இன்ஜின் போடக் கூடாது என்று அவன் சொல்லிவிட்டதால், எட்டுப் பேரோடு நானும் சேர்ந்து அந்த டிராக்டரை ஏரிக்கரை முனை வரை தள்ளினேன். ஒன்பது லோரிக்கு முதலாளி, அறுபத்தெட்டு வயசு, வழியெல்லாம் சேறு. பின்னால் கொக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின.

முப்பது வருஷமாக நான் சொல்லிவந்த அந்த இடத்தை, ஒருவன் கையால் இன்ஜினை நிறுத்துகிற அந்த இடத்தை, அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.